காளை ரெண்டு, பசு ஒண்ணு

நவரை நடவு, களையெடுப்பு, தண்ணி மொறன்னு ஓடிக்கிட்டே இருந்ததுல இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாள் ஆச்சு. "என்ன ஆச்சு, எழுதவே காணோம்"னு ரெண்டு மூணு பேர் போன் போட்டுக் கேட்டீங்க. நல்லாத்தான் இருக்கேன். இந்தத் தடவ விவசாயத்தோட ஒரு விளையாட்டப் பத்தியும் எழுதப் போறேன். ரெண்டும் எப்படி ஒண்ணா வந்து சேருதுன்னு கடைசில புரியும்.

புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஆரணின்னு சொன்னதும் பட்டுப்புடவை ஆரணியான்னு கேப்பாங்க. அது திருவண்ணாமலை மாவட்டம். நம்மளது திருவள்ளூர் மாவட்டம், பெரியபாளையத்துக்கும் பொன்னேரிக்கும் நடுவுல, ஆரணி ஆத்தங்கரை. ஆந்திராவுல பிச்சாட்டூர்ல இருந்து வர்ற ஆறு, நம்ம ஊரத் தாண்டி பழவேற்காட்டுப் பக்கம் போய்ச் சேருது. ஒரு பக்கம் கழனி, இன்னொரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனி பஸ். இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் எங்க வீடுங்க எல்லாம் ஓடுது.

எம் பொண்ணு பாலிடெக்னிக் கடைசி வருஷம். பொன்னேரியில இருந்து லோக்கல் ட்ரெயின்ல போய் வர்றா. ட்ரெயின்ல பசங்க எல்லாம் நோட்டுப் புக்குக் கடைசிப் பக்கத்துல ஒரு ஆட்டம் ஆடுவாங்களாம். பேரு "கவ்ஸ் அண்ட் புல்ஸ்". காளையும் பசுவும். பேரக் கேட்டதும் மாட்டுச் சந்தை விளையாட்டுன்னுதான் நெனச்சேன். அதுல ஒரு மாடும் கிடையாது. பசங்க இங்கிலீஷ்ல நாலெழுத்துச் சொல்ல வெச்சு ஆடுவாங்க. எனக்கு எண்ண வெச்சே சொல்லிக் குடுத்தா. "எண்ணுல ஏமாத்த முடியாதுப்பா"ன்னா.

ஆட்டம் இதுதான். ஒருத்தர் நாலு இலக்க எண் ஒண்ண மனசுல வெச்சுக்கணும். நாலும் வேற வேற இலக்கமா இருக்கணும், பூஜ்யம் எங்க வேணா வரலாம். இன்னொருத்தர் ஒரு எண்ணச் சொல்லணும். இலக்கமும் சரி, இடமும் சரின்னா அது காளை. இலக்கம் இருக்கு, ஆனா இடம் வேறன்னா அது பசு. எத்தன காளை, எத்தன பசுன்னு மட்டுந்தான் பதில். எது காளை, எது பசுன்னு சொல்லக் கூடாது. நாலு காளை வந்தா ஆட்டம் முடிஞ்சுது.

நம்ம காலத்துலயும் ஊகிக்கிற விளையாட்டு இருந்துச்சு. புளியங்கொட்டைய கைக்குள்ள மூடிக்கிட்டு ஒத்தையா ரெட்டையா கேப்போம். மணலக் குவிச்சு அதுக்குள்ள குச்சிய மறச்சு கிச்சுக்கிச்சுத் தாம்பூலம் ஆடுவோம். அதெல்லாம் அதிர்ஷ்டம். ஒரு தடவ சொல்லணும், கெடச்சா கெடச்சது. ஆடுபுலி ஆட்டத்துல மூளைக்கு வேலை உண்டு, ஆனா எல்லாக் காயும் கண்ணு முன்னாடியே இருக்கும். காளை பசு ஆட்டம் இந்த ரெண்டுலயும் சேராது. விஷயம் மறைவா இருக்கும், ஆனா நாம கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சின்ன உண்மை கெடைக்கும். அந்தச் சின்னச் சின்ன உண்மைய வெச்சு மீதிய நாமளே கட்டணும்.

கரண்ட் போன ஒரு ராத்திரி திண்ணையில உக்காந்து ஆடினோம். நான் மொதல்ல 1234-ன்னேன். "காளையும் இல்ல, பசுவும் இல்ல"ன்னா. சப்புன்னு ஆயிடுச்சு. அவ சிரிச்சிக்கிட்டே கேட்டா.

"ஏம்ப்பா மூஞ்சி தொங்கிப் போச்சு? இதுதான் நல்ல பதிலு."

எப்படின்னு கேட்டேன். தாள்ல கணக்கு போட்டுக் காட்டினா. வேற வேற இலக்கம் வெச்சு நாலு இலக்க எண் மொத்தம் 10 x 9 x 8 x 7 = 5040. அதுல ஒண்ணுதான் அவ மனசுல இருக்கு. 1, 2, 3, 4 நாலுமே இல்லன்னா மிச்சம் ஆறு இலக்கந்தான். 6 x 5 x 4 x 3 = 360. ஒரே கேள்வியில 5040, 360 ஆயிடுச்சு. இதே "ஒரு பசு"ன்னு பதில் வந்திருந்தா நான் சந்தோஷப்பட்டிருப்பேன், ஏதோ கெடச்சுதேன்னு. ஆனா அப்ப மிச்சம் 1440 எண் இருந்திருக்கும். "ஒண்ணும் இல்ல"ங்கற பதிலு "கொஞ்சம் இருக்கு"ங்கற பதில விட நாலு மடங்கு நல்லது.

இத ஜீரணிக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. விவசாயிக்கு "இல்ல"ன்னா நஷ்டம்னுதான் பழக்கம். மழை இல்ல, ஆள் இல்ல, வெல இல்ல. இல்லங்கறதும் ஒரு தகவல்தான்னு யாரும் நமக்குச் சொன்னதில்ல.

அடுத்து 5678-ன்னேன். "காளை இல்ல, ரெண்டு பசு." இங்கதான் ஆட்டத்தோட ருசி. மிச்சம் இருந்தது 5, 6, 7, 8, 9, 0. அதுல 5678-ல ரெண்டுதான் இருக்குன்னா, நாலு இலக்கத்துல மீதி ரெண்டு எங்க இருந்து வரும்? 9-ம் 0-வும் கட்டாயம் உள்ள இருக்கணும். அந்த ரெண்டையும் நான் கேக்கவே இல்ல. கேக்காமலே தெரிஞ்சுடுச்சு. இப்ப மிச்சம் 84 எண்.

மூணாவதா 9506. "காளை இல்ல, மூணு பசு." 9-ம் 0-வும் ஏற்கெனவே உறுதி, அது ரெண்டு பசு. அப்ப 5, 6 ரெண்டுல ஒண்ணுதான் உண்டு. அதோட ஜோடி 7 இல்லன்னா 8. ஒரு காளை கூட வராததால 9 மொத இடத்துல இல்ல, 0 மூணாவது இடத்துல இல்ல. மிச்சம் 24. இப்படியே தாள்ல அடிச்சுக்கிட்டே வந்து, இன்னும் மூணு கேள்வியில புடிச்சுட்டேன். 7059.

இதுக்குப் பின்னாடி பெரிய பெரிய ஆளுங்க இருக்காங்க. 1968-ல இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துல ஃபிராங்க் கிங்னு ஒருத்தர் இத கம்ப்யூட்டர்ல ஆடற மாதிரி எழுதி, மாடு கத்தற மாதிரியே "மூ"ன்னு பேரு வெச்சாரு. 1970-ல இஸ்ரேல்ல அஞ்சல், தொலைத்தொடர்புத் துறையில இருந்த மொர்டெகாய் மெய்ரோவிட்ஸ், எண்ணுக்குப் பதிலா கலர் குச்சி வெச்சு ஒரு பலகை ஆட்டம் கண்டுபுடிச்சாரு. இங்கிலாந்துல இன்விக்டா பிளாஸ்டிக்ஸ் கம்பெனி அத "மாஸ்டர்மைண்ட்"னு வித்துது. ஆறு கலரு, நாலு ஓட்டை, மொத்தம் 1296 விதம். டொனால்டு கனூத்துங்கற கணினி மேதை 1977-ல, எந்த விதமா இருந்தாலும் அஞ்சு கேள்விக்குள்ள முடிச்சுடலாம்னு நிரூபிச்சாரு. நம்ம 5040 எண் ஆட்டத்துல ஏழு கேள்விக்கு மேல தேவையே இல்லையாம். செல்போன்ல பசங்க ஆடற "வேர்டில்" கூட இந்தக் குடும்பந்தான்.

சரி, கழனிக்கு வருவோம்.

தை மாசம் நட்ட கோ 51, 80 சென்ட். நடவு முடிஞ்சு இருபது நாள் கழிச்சு, வாய்க்கால் ஓரம் பள்ளமான பக்கம் பயிர் மஞ்சளடிக்க ஆரம்பிச்சுது. மேட்டுப் பக்கம் பச்சையா இருக்கு, பள்ளத்துல திட்டுத் திட்டா குட்டையா நிக்குது. எங்க அம்மாவோட செயின கூட்டுறவு சங்கத்துல வெச்சுத்தான் இந்தப் போகத்துக்கே பணம் பொரட்டினோம். பொண்ணோட கடைசி செமஸ்டர் பீஸும் அதுலதான் போச்சு. வரப்பு மேல நின்னு பாக்கறப்ப வயிறு கலங்குச்சு.

மருந்துக் கடையில போய்ச் சொன்னேன். கடைக்காரர் நாலு அயிட்டம் எடுத்து வெச்சாரு. பூச்சிக்கு ஒண்ணு, நோய்க்கு ஒண்ணு, சத்துக்கு ஒண்ணு, வளர்ச்சிக்கு டானிக் ஒண்ணு. "நாலையும் கலந்து ஒரே டேங்க்ல அடிங்க, சரியாயிடும்." பில்லு 3,000 ரூபாய் கிட்ட வந்துச்சு. அவரையும் குத்தம் சொல்ல முடியாது. அவரு கழனியப் பாக்கல. கல்லாவுல உக்காந்துக்கிட்டு நாலு கல்லு எறிஞ்சா எதாவது ஒண்ணு மாங்கா மேல படும்னு பாக்கறாரு. காலையில வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டு வந்தேன்.

வீட்ல சொன்னதும் பொண்ணு கேட்டா.

"நாலையும் அடிச்சு பயிர் பச்சையாச்சுன்னு வெச்சுக்கப்பா. எதனால ஆச்சுன்னு தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அடுத்த வருஷமும் நாலையும் வாங்கணும். ஆகலன்னா?"

"அஞ்சாவது ஒண்ணு குடுப்பாரு."

காளை பசு ஆட்டத்துல நாலு இலக்கத்த ஒண்ணாக் கேக்கலாம், ஏன்னா பதில் எண்ணிக்கையா வரும். நெலம் அப்படிப் பேசாது. பச்சையாச்சு, ஆகல. அவ்ளோதான் அதோட பதிலு. அதுங்கிட்ட ஒண்ணொண்ணாத்தான் கேக்கணும். இல்லன்னா ஒரே ஒரு வித்தியாசம் இருக்கற மாதிரி பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கேக்கணும்.

மொதல்ல காசு செலவில்லாத கேள்வி எல்லாம் கேட்டோம். விடிகாலையில ரெண்டு பேரும் கழனியில எறங்கினோம். மஞ்சள் குருத்து எலையில இருந்து ஆரம்பிக்குதா? இல்ல. அப்ப கந்தகச் சத்துக் குறைபாடு மாதிரி தெரியல. ஆரஞ்சு கலந்த மஞ்சளா நுனியில இருந்து எறங்குதா, பச்சை தத்துப்பூச்சி பறக்குதா? பயிரத் தட்டித் தட்டிப் பாத்தோம், இல்ல. அப்ப துங்ரோ நோய்க்கு வாய்ப்பு கம்மி. கழனி பூரா ஒரே சீரா வெளுத்திருக்கா? இல்ல, பள்ளத்துல மட்டுந்தான். மூணு "இல்ல". பொண்ணு என்னப் பாத்துச் சிரிச்சா.

மிச்சம் ரெண்டு. ஒண்ணு தழைச்சத்து, இன்னொண்ணு துத்தநாகம், நாம ஜிங்க்னு சொல்றது. அடி எலையில துரு புடிச்ச மாதிரி பழுப்புப் புள்ளி, எலையோட நடு நரம்பு அடிப்பக்கம் வெளுத்துக் கெடந்துச்சு. அது ஜிங்க் பக்கம் சாயுது. தண்ணி எப்பவும் நிக்கற எடத்துல ஜிங்க் பயிருக்குக் கெடைக்காமப் போறதும் உண்டு. ஆனா சாயுதுன்னு சொல்றது வேற, உறுதின்னு சொல்றது வேற.

மஞ்சளான எடத்துல மூணு பட்டை பிரிச்சோம். மூங்கில் குச்சி நட்டு, பழைய புடவையக் கிழிச்சுக் கட்டி அடையாளம் வெச்சோம். வெள்ளைத் துணி கட்டின பட்டைக்கு ஒண்ணும் அடிக்கல. நீலத் துணிக்கு யூரியா மட்டும், 1 சதவீதம், அதாவது 10 லிட்டர் தண்ணிக்கு 100 கிராம். சிவப்புத் துணிக்கு அதே யூரியாவோட ஜிங்க் சல்பேட் 0.5 சதவீதம், 10 லிட்டருக்கு 50 கிராம். இந்த அளவு வேளாண் பல்கலைக்கழகத்தோட பரிந்துரைதான், நாங்க கண்டுபுடிச்சதில்ல. காத்தில்லாத நேரமா பாத்து அடிச்சோம், ஒரு பட்டை மருந்து அடுத்த பட்டைக்குப் போகக் கூடாதே.

கணக்கப் பாருங்க. மூணும் ஒரே மாதிரி நின்னா சத்து பிரச்சினை இல்ல, வேற தேடணும். நீலமும் சிவப்பும் ஒரே மாதிரி தேறினா தழைச்சத்து. சிவப்பு மட்டும் தேறினா ஜிங்க். ஏன்னா நீலத்துக்கும் சிவப்புக்கும் அது ஒண்ணுதான் வித்தியாசம். வெள்ளை எதுக்குன்னா, நாம ஒண்ணும் செய்யாமலே பயிர் தானாத் தேறினா அதுவும் தெரியணும்.

சொல்றதுக்கு சுளுவா இருக்கு. காத்திருக்கறதுதான் கஷ்டம். தூர் கட்டற பருவம், ஒவ்வொரு நாளும் காசு. பக்கத்துக் கழனிக்காரர் அவர் பயிருக்கு நாலையும் கலந்து அடிச்சு முடிச்சுட்டாரு. அம்மா தெனமும் வாசல்ல நின்னு திட்டுவாங்க.

"பயிர் சாவுது, அப்பனும் பொண்ணும் கொடி நட்டு பரிட்சை வெக்கறீங்களா? எஞ்செயினு சங்கத்துல கெடக்குது, ஞாபகம் இருக்கட்டும்."

அவங்க சொன்னதுல நியாயம் இருந்துச்சு. ஆட்டத்துல ஒரு கேள்வி வீணாப் போனா இன்னொரு கேள்வி கேக்கலாம். கழனியில ஒரு கேள்விக்கு பத்து நாள். அதனாலதான் காசில்லாத கேள்விய மொதல்ல கேட்டு, செலவாகற கேள்விய ஒண்ணே ஒண்ணா சுருக்கினது.

ஆறாவது நாள் வரைக்கும் மூணும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. நீலம் கொஞ்சம் கறுத்த மாதிரி இருந்துச்சு, எனக்கு சந்தேகம் வந்துடுச்சு. கிட்டப் போய்ப் பாத்தா துருப்புள்ளி அப்படியே ஏறிக்கிட்டு இருக்கு. ஒன்பதாவது நாள் சிவப்புப் பட்டையில புது எலை சுத்தமா, புள்ளி இல்லாம வந்துச்சு. வெள்ளை மாறவே இல்ல. பொண்ணு காலேஜ்ல இருந்தா. போன் போட்டு "நாலு காளை"ன்னேன். ட்ரெயின்ல இருக்கறவங்க திரும்பிப் பாக்கற அளவுக்குக் கத்தினாளாம்.

அன்னிக்கு சாயந்தரமே மீதி எடம் முழுக்க அடிச்சேன். 80 சென்ட்டுக்கு ஒரு தடவைக்கு ஒரு கிலோ ஜிங்க் சல்பேட்டும் ரெண்டு கிலோவுக்குள்ள யூரியாவும் போதுமா இருந்துச்சு. பதினஞ்சு நாள் விட்டு இன்னொரு தடவ. நடுவுல தண்ணிய வடிச்சுக் காயவும் விட்டேன். இப்ப பயிர் கதிர் வாங்கியிருக்கு. பள்ளத்துப் பக்கம் நாலஞ்சு நாள் பிந்திதான் நிக்குது, தூரும் மேட்டுப் பக்கம் அளவுக்கு இல்ல. அறுத்து மூட்டை புடிச்சாத்தான் முழுக் கணக்கு தெரியும். செயின் திரும்புமான்னும் அப்பத்தான் தெரியும். ஆனா அடுத்த போகத்துக்கு என்ன செய்யணும்னு இப்பவே தெரியும். சேடை ஓட்டி சமன்படுத்தினதும் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்ட மணல்ல கலந்து தூவிடணும். டி.ஏ.பி. கூட மட்டும் கலக்கக் கூடாது, கலந்தா ரெண்டும் ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கிட்டு பயிருக்குக் கெடைக்காது.

பக்கத்துக் கழனியும் தேறிடுச்சு, பொய் சொல்லக் கூடாது. ஆனா அவரோட நாலு மருந்துல எது வேலை செஞ்சுதுன்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என் சிவப்புத் துணியப் பாத்துட்டுப் போனாரு.

இந்த ஆட்டத்துல இன்னொரு தம்பியும் உண்டு, அதையும் சொல்லிடறேன். ஒண்ணுல இருந்து நூறுக்குள்ள ஒரு எண், பெருசா சின்னதான்னு மட்டும் பதில். நடுவுல நடுவுல வெட்டிக் கேட்டா ஏழு கேள்வியில முடிஞ்சுடும். போர்ல இருந்து கழனிக்குப் போற பூமிக்கடி பைப்புல அடைப்பு வந்தா இதேதான். 20 அடி பைப்பு 16 இருக்குன்னா ஒரு மூலையில இருந்து ஒவ்வொண்ணா தோண்ட வேணாம். நட்ட நடுவுல அறுத்துப் பாருங்க. தண்ணி வந்தா அடைப்பு அந்தப் பக்கம், வரலன்னா இந்தப் பக்கம். எட்டு, நாலு, ரெண்டு, ஒண்ணு. நாலே வெட்டு. நம்ம பழைய மெக்கானிக்குங்க மோட்டார் வயர்ல இப்படித்தான் நடு ஜாயின்ட்ல டெஸ்டர் வெப்பாங்க. பேரு தெரியாமலே ஆடிக்கிட்டு இருந்திருக்காங்க.

பொண்ணுக்கு சிப்காட்ல ஒரு கம்பெனியில ட்ரெய்னியா வேலை கெடச்சிருக்கு. தரம் பாக்கற செக்‌ஷன். பரிட்சை முடிஞ்சதும் சேரணும், ஷிப்ட் வேலை, விடிகாலையில பஸ் வந்துடும். "இந்தப் பீஸு ஏன் ரிஜெக்ட் ஆச்சுன்னு கண்டுபுடிக்கறதுதான்ப்பா வேலை, அங்கயும் ஒவ்வொண்ணா மாத்தித்தான் பாக்கணும்"னா. எனக்கு சந்தோஷம்தான். கூடவே, இனிமே கழனியில எறங்கி மூணு "இல்ல" சொல்றதுக்குப் பக்கத்துல ஆள் இருக்காதேன்னும் இருக்கு. இப்ப அம்மாவுக்கு ஆட்டத்த சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன். காளை பசு எண்ணிக்கை பிரமாதமா சொல்றாங்க. ஆனா மனசுல வெச்ச எண்ண நடுவுல மாத்திடறாங்க. கேட்டா "என் எண்ணு, நான் மாத்துவேன்"ங்கறாங்க.

கடைசியா உங்களுக்கு ஒண்ணு. என் மனசுல மூணு இலக்க எண், மூணும் வேற வேற. நான் மாத்த மாட்டேன்.

123-ன்னு கேட்டா ஒரு காளை மட்டும்.
456-ன்னு கேட்டா ஒரு பசு மட்டும்.
789-ன்னு கேட்டா ஒரு காளை மட்டும்.
602-ன்னு கேட்டா ஒரு காளை, ஒரு பசு.

கேக்காமலே ஒரு இலக்கம் இல்லன்னு மொத மூணு பதில்லயே தெரிஞ்சுடும். அங்க இருந்து புடிங்க. விடை அறுவடை முடிஞ்சு எழுதற பதிவுல, மூட்டைக் கணக்கோட.